ஏழாம் கேள்வி

ஒரு படிவத்துக்கு முப்பத்தெட்டு ரூபாய்.
பாம்பனில் இறங்கும்போது டேப்லெட்டில் தொண்ணூறு சதவீதம் சார்ஜ்.
இருட்டுவதற்குள் இருபத்தைந்து பேரின் கருத்து வேண்டும்.
வாடைக்காற்று என் அடையாள அட்டையைப்
புரட்டிப் புரட்டி என் நெஞ்சிலேயே அறைந்தது.

முதல் ஆறு கேள்விகளில் யாருக்கும் சிரமமில்லை.
வயது, படிப்பு, ரேஷன் அட்டையின் நிறம்.
ஏழாவது இது:
‘மனித உரிமைச் சட்டம் குற்றவாளிகளுக்கே உதவுகிறது.
அதை நீக்கவோ திருத்தவோ வேண்டும்.’
முழுமையாக ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன், ஏற்கவில்லை.
ஒன்றைத் தொட்டால்தான் எட்டாவது திறக்கும்.

நம்புவேலின் வள்ளத்து இன்ஜின் களவுபோய்
பதினோரு நாள்.
‘முழுசான்னே போடுங்க தம்பி.
எவன்னு தெரியும். ரெண்டு தட்டு தட்டுனா கக்கிருவான்.
கைய வச்சா கேஸாயிரும்னு ஏட்டு பம்முறாரு.’
தொட்டேன்.
எட்டாவதைப் படிக்க வாயெடுத்தபோது
வலைக்குவியலுக்கு மேலிருந்து குரல்:
‘அக்கரையில உள்ள இருந்தேன்ல, நாப்பத்தி மூணு நாள்.
ஒரு பொம்பள வக்கீல் வாராவாரம் வருவாக.
அடிச்சாங்களா, சோறு போட்டாங்களா,
வீட்டுக்குப் பேச விட்டாங்களான்னு
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு எழுதிக்கிருவாக.
அவுக வந்துபோற சட்டம் எதுவோ
அத மட்டும் விட்ருங்க.
மத்தத எடுத்துருங்க.’
அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
‘அப்ப என்னத்தக் கேக்க வந்தீக’ என்று
நங்கூரக் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார்.

சின்னப்பாலத்தில் பாசிக்குப் போன பெண்கள்
மார்புவரை நனைந்து கரையேறினார்கள்.
விரல் ஒவ்வொன்றிலும் துணிச்சுற்று.
முத்துராக்கு கேள்வியைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டாள்.
‘சட்டத்த எடுக்கப்போறாகளா? மகராசனா எடுக்கட்டும்.
தீவுப் பக்கம் போனா சாக்கப் புடுங்குறதும் சட்டம்.
முங்குற கண்ணாடிய ஒடைக்கிறதும் சட்டம்.’
இது அதில்லை, இது உங்களைக் காப்பதற்கு என்று
புத்தகத் தமிழில் ஆரம்பித்தேன்.
‘எங்களுக்குன்னும் ஒண்ணு இருக்கா?’
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.
மூட்டையிலிருந்து வடிந்த நீர்
என் செருப்புவரை வந்துவிட்டது.
‘இம்புட்டு நாளா எங்கிட்டு இருந்துச்சு அது?’
மூன்றில் ஒன்றைத் தொட்டாக வேண்டும்.
அவள் முதலில் சொன்னதைத் தொட்டேன்.

டீக்கடையில் ஒரே மூச்சில் ஒன்பது படிவம்.
பெஞ்சில் முதலில் உட்கார்ந்தவர் சொன்னதையே
கடைசியில் உட்கார்ந்தவரும் சொன்னார்.
வடைக்காரர் மட்டும்
‘எனக்குச் சேத்து நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க’ என்றார்.
போட்டுக்கொண்டேன்.

தெற்குவாடியில் கடைசி வீடு.
அருளப்பன் என்று பெயர் சொன்னார்.
ஏழாவதைப் படித்து முடிக்கும்வரை கேட்டார்.
உள்ளே போனார்.
ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார்.
மடித்த நீலச்சட்டை, பித்தான் இரண்டு இல்லை.
பிறகு ஒரு பதிவுத்தபால் ரசீது,
ஆணையத்துக்கு மனுப்போட்டது, எழுத்து வெளிறி.
‘தம்பியச் சும்மா விசாரிக்கன்னுதான் கூட்டிட்டுப் போனாக.’
அதற்கு மேல் தம்பியைப் பற்றிப் பேசவில்லை.
ரசீதைப் பற்றித்தான் பேசினார்.
நாலு வருசமாகப் பதில் வரவில்லை,
எண் மட்டும் மனப்பாடம்,
பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்கிறது.
‘பதில் வராட்டியும் கேக்குறதுக்கு ஒரு எடம் இருக்குல்ல.
அத எடுத்துறலாமான்னா கேக்குறீக?’
நான் திரையைப் பார்த்தேன்.
‘எம்பேரப் போடாதீங்க. ஸ்டேஷன் பக்கத்துலதான் பொழப்பு.’

பெயர் இல்லாமல் படிவம் மூடாது.
மேற்பார்வையாளரிடம் போனில் கேட்டேன்.
‘குறியீடு நாலு போட்டுட்டு வாங்க’ என்றார்.
நாலு என்றால்: வீடு பூட்டியிருந்தது.

கடலோர மக்களில் எழுபத்தொரு சதவீதம் ஏற்கிறார்களாம்.
அடுத்த வாரம் எனக்கும் வந்தது அந்த எண்,
கூடவே தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ரூபாய்.
பூட்டிய வீட்டுக்குக் காசு கிடையாது.
நான் இறங்கி நடந்தபோது
காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல்
ஒரு பவளக்கல்லை அண்டை கொடுத்து
அகலத் திறந்து கிடந்தது அந்தக் கதவு.